91 பகா எண்ணா, பகு எண்ணா? வாசகர் கேள்விக்கு கணக்கு டீச்சர் பதில்

பரீட்சை முடிஞ்சு பேப்பர் கைக்கு வந்த நேரம் போல இருக்கு, இந்த தடவை வந்த கேள்வியில பெரும்பாலானது பகா எண், பகு எண், காரணி இதைச் சுத்தியே இருக்கு. அதனால இந்த இதழ்ல வேற எதையும் தொடல, இதை மட்டும் பேசலாம்.

என் பையன் ஆறாவது படிக்கிறான் டீச்சர். 100 வரைக்கும் இருக்கற 25 பகா எண்ணையும் மூச்சு விடாம ஒப்பிக்கிறான். ஆனா பரீட்சையில 91 பகா எண்ணா பகு எண்ணான்னு கேட்டதுக்கு பகா எண்ணுன்னு எழுதிட்டு வந்துட்டான். கேட்டா லிஸ்ட்ல 97-க்கு முன்னாடி 91 இருந்த மாதிரி ஞாபகம்ங்கறான். எப்படி சொல்லிக்குடுக்கறது? (ஒரு அம்மா, திண்டுக்கல்)

அம்மா, பையனை திட்டாதீங்க. 91-ஐப் பாத்தா பெரியவங்களுக்கே அப்படித்தான் தோணும். ஏழாம் வாய்ப்பாட்டை நாம பத்தோடயோ பன்னெண்டோடயோ நிறுத்திடறோம், அதனால 7×13 = 91 கண்ணுலயே பட்டிருக்காது. 51, 57, 87 இதுங்களும் இப்படித்தான் ஏமாத்தும். 3×17, 3×19, 3×29-ன்னு பிரிச்சுக் காட்டினாதான் நம்புவாங்க.

முதல்ல அந்த லிஸ்டை ஒப்பிக்க வைக்கறதை நிறுத்துங்க. இதை நான் ரொம்ப அழுத்தியே சொல்றேன். லிஸ்ட் மறந்து போகும், நடுவுல ஒண்ணு விட்டுப்போகும், ஒண்ணு கூட சேந்துக்கும். ஒரு எண்ணோட காரணிகளை எழுதத் தெரிஞ்சுட்டா லிஸ்டே வேணாம், அந்த எண்ணு நான் யாருன்னு தானே சொல்லிடும்.

ஒரு கை புளியங்கொட்டை எடுத்து 12 எண்ணி பையன்கிட்ட குடுங்க, வரிசையா அடுக்குப்பா, எல்லா வரிசையிலயும் சமமா இருக்கணும், ஒரு கொட்டை கூட மீதி வரக்கூடாதுன்னு சொல்லுங்க. ஒரே வரிசையா 12 வைப்பான், ரெண்டு வரிசையில ஆறாறா வைப்பான், மூணு வரிசையில நாலுநாலா வைப்பான். அதை அப்படியே நோட்ல எழுதச் சொன்னா 1×12, 2×6, 3×4. இந்த ஜோடியில வர்ற எண்ணெல்லாம்தான் 12-ஓட காரணி, 1, 2, 3, 4, 6, 12. இப்ப இன்னொரு கொட்டையை சேத்து 13 ஆக்குங்க. ஒரே நீட்டு வரிசையைத் தவிர வேற எப்படியும் அடுக்க வராது, எங்க மடக்கினாலும் மீதி நிக்கும். 1×13 மட்டும்தான், காரணி சரியா ரெண்டே ரெண்டு. இப்படி 1-ம் தானும் மட்டுமே காரணியா இருக்கற எண் பகா எண், ரெண்டுக்கு மேல காரணி இருந்தா பகு எண். இதை கை தொட்டு பாத்த புள்ள மறக்கவே மறக்காது.

சரி, 91 கொட்டையை அடுக்கிட்டு இருக்க முடியாதே, எதுவரைக்கும் வகுத்துப் பாக்கறதுன்னு கேப்பான். அங்கதான் விஷயமே இருக்கு. 36-ஓட ஜோடிகளை வரிசையா எழுதச் சொல்லுங்க, 1×36, 2×18, 3×12, 4×9, 6×6. இடது பக்கம் ஏற ஏற வலது பக்கம் இறங்கிக்கிட்டே வருது, 6-ல ரெண்டும் சேந்துடுது, அதுக்கப்புறம் எழுதினா 9×4, 12×3-ன்னு பழசே தலைகீழா திரும்பி வரும். அதாவது எந்த எண்ணுக்கும் ஒவ்வொரு ஜோடியிலயும் சின்னவர் அந்த எண்ணோட வர்க்கமூலத்தைத் தாண்ட மாட்டார். அதனால அதுவரைக்கும் தேடினா போதும், அதுக்குள்ள ஒருத்தரும் மாட்டலைன்னா மேலயும் ஒருத்தரும் இல்ல.

91-க்கு வாங்க. 10×10 = 100, 91-ஐத் தாண்டிடுச்சு, அதனால 10-க்குள்ள பாத்தா போதும். அதுலயும் 4, 6, 8, 9 எல்லாம் வேண்டாம், 4-ஆல வகுபடற எண் முன்னாடியே 2-கிட்ட மாட்டியிருக்கும், 9-ஆல வகுபடறது 3-கிட்ட மாட்டியிருக்கும். மிச்சம் 2, 3, 5, 7 இந்த நாலு பேர்தான். 91 ஒற்றைப்படை, 2 போச்சு. இலக்கத்தைக் கூட்டினா 9+1 = 10, 3-ஆல வகுபடாது. கடைசியில 0, 5 இல்ல. 7-க்கு 70 போனா மிச்சம் 21, அதுல மூணு ஏழு இருக்கு. முடிஞ்சுது, பகு எண். இதே 97-ஐ எடுத்தா 70 போக 27, அதுல 21 போக 6 மீதி நிக்குது, நாலு பேரும் கை விரிச்சாச்சு, அதனால பகா எண். 120 வரைக்கும் எந்த எண்ணைக் குடுத்தாலும் இந்த நாலு சோதனையே போதும், 121-ல தான் 11×11 வந்து அஞ்சாவது ஆள் தேவைப்படும்.

லிஸ்ட் வேணும்னா பையனே உண்டாக்கட்டும். 1-லேர்ந்து 100 வரைக்கும் கட்டம் போட்டு எழுதி 1-ஐ தனியா அடிச்சிடணும், அப்புறம் 2-ஐ வட்டம் போட்டுட்டு அதோட மடங்கையெல்லாம் அடிக்கணும், அடுத்து 3, அடுத்து 5, அடுத்து 7. மிஞ்சி நிக்கறது 25 பகா எண். சுமார் 2,200 வருஷத்துக்கு முன்னாடி அலெக்சாண்ட்ரியா நூலகத்துக்குத் தலைவரா இருந்த எரடோஸ்தனிஸ் சொன்ன சல்லடை முறை இது, நிழலை வச்சே பூமியோட சுற்றளவைக் கணக்குப் போட்டாரே அதே மனுஷர். இதைப் பண்றப்ப ஒண்ணு கவனிக்கச் சொல்லுங்க, 7-ஓட முறை வர்றப்ப புதுசா அடிபட மூணே எண்தான் மிச்சம் இருக்கும், 49, 77, 91. நூறு எண்ணுலயும் கடைசியா அடிபடறது நம்ம 91-தான். அதனாலதான் அது அவ்வளவு பேரை ஏமாத்துது.

1-ஐ 1-ஆலயும் வகுக்கலாம், அதே எண்ணாலயும் வகுக்கலாம். அப்ப அது பகா எண்தானே மிஸ்? டியூஷன் அண்ணா ரெண்டும் இல்லன்னு மட்டும் சொல்றாரு, ஏன்னு கேட்டா புக்ல அப்படித்தான் இருக்குங்கறாரு. (ஏழாம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை)

ஏன்னு கேட்டது ரொம்ப சரி கண்ணு. முதல்ல 1-ஓட காரணியை எழுது. 1. அவ்வளவுதான், எழுத வேற ஒண்ணும் இல்ல. பகா எண்ணுக்கு வேற வேற ரெண்டு காரணி வேணும், பகு எண்ணுக்கு ரெண்டுக்கு மேல வேணும், இதுகிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அதனால ரெண்டு பக்கமும் சேராது.

ஆனா நீ கேக்கறது அது இல்ல, விதியை ஏன் அப்படி வச்சாங்கன்னு கேக்கற. 60-ஐ எடுத்துக்கோ. 6×10-ன்னு ஆரம்பிச்சு உடைச்சுப் பாரு, உன் ஃபிரண்டை 4×15-ல ஆரம்பிக்கச் சொல்லு, இன்னொருத்தியை 5×12-ல ஆரம்பிக்கச் சொல்லு. இனிமே உடைக்க முடியாதுங்கற வரைக்கும் போனா மூணு பேருக்கும் வந்து நிக்கறது ஒரே கூட்டம், 2×2×3×5. எந்த எண்ணை எந்த வழியில உடைச்சாலும் பகாக் காரணிகள் ஒரே மாதிரிதான் வரும், எழுதற வரிசைதான் மாறும். இதை எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம்னு சொல்வாங்க, 1801-ல வந்த புத்தகத்துல காஸ் முழு நிரூபணத்தோட எழுதினார். மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எல்லாம் நாம தைரியமா போடறது இதை நம்பித்தான். இப்ப 1-ஐயும் பகா எண்ணுன்னு உள்ள விட்டா 1×2×2×3×5, 1×1×2×2×3×5-ன்னு 60-க்கே எண்ணிக்கையில்லாத விடை வந்துடும், ஒரே விடைங்கற அந்த பலமே போயிடும். அதனாலதான் வெளிய நிறுத்தியிருக்காங்க.

உன்னை மாதிரியே நினைச்ச பெரியவங்களும் இருந்தாங்க தெரியுமா. 1742-ல ஆய்லருக்கு எழுதின கடிதத்துல கோல்ட்பாக் 1-ஐ பகா எண்ணாத்தான் வச்சுக்கிட்டார், அமெரிக்காவுல லேமர் 1914-ல ஒரு கோடிக்கும் மேல வரைக்கும் போட்ட பகா எண் பட்டியல் 1-லதான் ஆரம்பிக்குது. போகப் போகத்தான் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தாங்க.

ஒற்றைப்படை எல்லாம் பகா எண், இரட்டைப்படை எல்லாம் பகு எண், இப்படி ஞாபகம் வச்சுக்கிட்டா போதுமா? (மாணவர், அரக்கோணம்)

வேண்டாம் தம்பி, ரெண்டு பக்கமும் தப்பு. 9, 15, 21, 25 எல்லாம் ஒற்றைப்படை, ஆனா பகு எண். 2 இரட்டைப்படை, ஆனா பகா எண், அந்த ஒண்ணு மட்டும்தான் அப்படி. 100-க்குள்ள இருக்கற 50 ஒற்றைப்படையில 24-தான் பகா எண், பாதி கூட தேறல.

எங்க சின்ன வயசுல ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்படி. நாளுக்கு 60 நாழிகை. பத்து, நூறுன்னு சுளுவா வைக்காம ஏன் அந்தக் காலத்துல இப்படி வச்சாங்கம்மா? இதுக்கும் காரணிக்கும் சம்பந்தம் உண்டா? (எண்பதைத் தாண்டிய தாத்தா, கும்பகோணம்)

இருக்குங்க தாத்தா, நிறையவே இருக்கு. பங்கு போடறவங்களுக்கு வேண்டியது மீதி வராம பிரியற எண். ஒரு ரூபாய்ங்கறது 16×12 = 192 தம்படி. மூணு பேருக்கு சமமா பிரிச்சா ஆளுக்கு 64 தம்படி, அதாவது அஞ்சணா நாலு தம்படி, கச்சிதமா போயிடும். 1957 ஏப்ரல் 1-லேர்ந்து ரூபாய்க்கு 100 நயா பைசான்னு ஆச்சு, அதை மூணா பிரிச்சா 33 போக ஒரு பைசா மீதி நிக்கும். 192-க்கு 14 காரணி, 100-க்கு 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100-ன்னு ஒன்பதுதான். 192-க்கும் ஒரு குறை இருக்கு, அஞ்சு பேருக்கு பிரிக்க வராது, அந்த இடத்துல 100 ஜெயிச்சிடும். பேப்பர்ல கணக்கு எழுத பத்தடிமானம் சுலபம்ங்கறதையும் ஒத்துக்கணும். ஆனா கையில பிரிக்கறவங்களுக்கு 12, 16, 60 இதெல்லாம் தங்கமான எண்ணுங்க.

60-ஐப் பாருங்க. 1, 2, 3, 4, 5, 6 ஆறுமே அதுக்கு காரணி, அப்புறம் 10, 12, 15, 20, 30, 60, மொத்தம் 12. 60-க்குக் கீழ இருக்கற ஒரு எண்ணுக்கும் 12 காரணி கிடையாது. இதை எழுதாமலே எண்ணவும் வழி இருக்கு. 60 = 2×2×3×5. ஒரு காரணியை உண்டாக்கணும்னா 2-ஐ எடுக்காம விடலாம், ஒண்ணு எடுக்கலாம், ரெண்டு எடுக்கலாம், மூணு வழி. 3-ஐ எடுக்கலாம் விடலாம், ரெண்டு வழி, 5-க்கும் ரெண்டு வழி. 3×2×2 = 12. எந்த எண்ணுக்கும் இதே மாதிரி ஒவ்வொரு பகாக் காரணியும் எத்தனை தடவை வருதோ அதோட 1 கூட்டி எல்லாத்தையும் பெருக்கினா காரணி எண்ணிக்கை வந்துடும்.

கும்பகோணத்துலேர்ந்து இந்தக் கேள்வி வந்ததுல எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்லணும். உங்க ஊர் டவுன் ஹைஸ்கூல்ல படிச்ச ராமானுஜன் 1915-ல லண்டன் கணிதச் சங்கத்தோட இதழ்ல எழுதின நீளமான கட்டுரை இதைப் பத்தித்தான். தனக்குக் கீழ இருக்கற எல்லா எண்ணையும் விட அதிக காரணி வச்சிருக்கற எண் எதுன்னு தேடினார், ஹைலி காம்போசிட் நம்பர்ஸ்னு பேர் வச்சார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120-ன்னு போகும், நம்ம 12-ம் 24-ம் 60-ம் இருக்கறதைப் பாத்தீங்களா. அவர் 67,46,32,83,88,800 வரைக்கும் போனார், அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் 10,080 காரணி. அதை உடைச்சா 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் ரெண்டு ரெண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. சின்ன பகா எண் நிறைய, பெரிசு ஆக ஆக கம்மி. இந்த வகை எண் எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கும், கடைசியா வர்ற பகா எண் ஒரே தடவைதான் வரும், 4-ம் 36-ம் மட்டும் விலக்குன்னு அவர் நிரூபிச்சிருக்கார். கால்குலேட்டர் கூட இல்லாத காலத்துல. ராமானுஜன்னா 1729-ஐ மட்டும் சொல்லிட்டு நிறுத்திடறாங்க, இந்தக் கட்டுரை ஆறாம் வகுப்புப் புள்ளைக்கே புரியற கேள்வியிலதான் ஆரம்பிக்குதுங்கறதை யாரும் சொல்றதில்லைங்கற வருத்தம் எனக்கு ரொம்ப நாளா உண்டு.

காரணியே கண்டுபிடிக்காம ஒரு எண் பகு எண்ணுன்னு சொல்ல முடியுமா மேடம்? லாஜிக்கே இடிக்குதே. (பி.எஸ்சி. கணிதம் மாணவர், கோவை)

முடியும்ப்பா. பகா எண்களுக்குன்னு சில குணம் இருக்கு, அந்த குணம் ஒரு எண்கிட்ட இல்லைன்னா அது பகா எண் இல்ல, காரணி எதுன்னு தெரியலைன்னாலும் பரவாயில்ல. ஃபெர்மா சொன்னதை எடுத்துக்கோ, 2-ஐ ஒரு பகா எண் தடவை பெருக்கி அதுல 2-ஐக் கழிச்சா அந்த பகா எண்ணால மீதியில்லாம வகுபடும். 7-க்கு ஏழு ரெண்டைப் பெருக்கினா 128, 2 போனா 126, அது 7×18, சரியா வருது. 9-க்கு ஒன்பது ரெண்டைப் பெருக்கினா 512, 2 போனா 510, 9-ஆல வகுத்தா 6 மீதி. அப்ப 9 பகா எண் இல்லைன்னு தீர்மானமா சொல்லிடலாம், 3-ங்கற பேரையே எடுக்கல பாத்தியா. மேல திண்டுக்கல் அம்மா கேட்ட 91-க்கு இதைப் போட்டா 35 மீதி வரும், அங்கயும் 7, 13 ரெண்டும் வெளிய வரவே இல்ல. ஒரு எச்சரிக்கை, மீதி வந்தா பகு எண்ணுன்னு உறுதி, மீதி வரலைன்னா பகா எண்ணுன்னு உறுதி கிடையாது. 341 = 11×31, ஆனா அது இந்த சோதனையில தப்பிச்சிடும்.

இதுக்கு சரித்திரத்துல பெரிய உதாரணமே இருக்கு. 2-ஐ 67 தடவை பெருக்கி 1 கழிச்ச எண், 147573952589676412927, பகா எண்ணுன்னு 1644-ல மெர்சென் பட்டியல்ல போட்டிருந்தார். 1876-ல லூக்காஸ் அது பகு எண்ணுன்னு நிரூபிச்சார், ஆனா ஒரு காரணி கூட அவருக்குத் தெரியாது. 1903 அக்டோபர்ல அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்துல ஃபிராங்க் நெல்சன் கோல் போர்டுல போய் 193707721 × 761838257287-ன்னு எழுதி பெருக்கிக் காட்டினார், ஒரு வார்த்தை பேசலன்னும், எல்லாரும் எழுந்து கை தட்டினாங்கன்னும் சொல்வாங்க. பகு எண்ணுன்னு தெரிஞ்சதுக்கும் காரணி கிடைச்சதுக்கும் நடுவுல 27 வருஷம்!

நம்ம நாட்டுக்கும் இதுல பெரிய பங்கு உண்டு. 2002 ஆகஸ்ட்ல ஐ.ஐ.டி. கான்பூர்ல மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூணு பேரும் சேந்து, எந்த எண்ணைக் குடுத்தாலும் பகாவா பகுவான்னு சந்தேகத்துக்கே இடமில்லாம சொல்ற முறை ஒண்ணைக் குடுத்தாங்க, எண்ணோட இலக்கம் கூடினாலும் வேலை கட்டுக்கடங்காம போகாத முறை அது. கயாலும் சக்சேனாவும் அப்பதான் பி.டெக். முடிச்சிருந்தாங்க, உன்னை விட ரெண்டு மூணு வயசுதான் கூட இருக்கும். இந்த முறையும் காரணியைக் கண்டுபிடிச்சுக் குடுக்காது. காரணி கண்டுபிடிக்கறது இன்னிக்கும் கஷ்டம், அந்தக் கஷ்டத்தை நம்பித்தான் 1977-ல ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூணு பேரும் ரகசியத் தகவலைப் பூட்டி அனுப்பற ஆர்.எஸ்.ஏ. முறையை உண்டாக்கினாங்க. ரெண்டு பெரிய பகா எண்ணைப் பெருக்கறது நொடி வேலை, பெருக்கினதை மட்டும் குடுத்து அந்த ரெண்டையும் கேட்டா மாட்டிக்குவோம். அப்ப சவாலா விட்ட 129 இலக்க எண்ணை உடைக்க 1994 வரைக்கும் ஆச்சு, அதுவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டரை சேத்துப் போட்டு.

எங்க பள்ளியில ஒரு பிரிவுல 53 பேர். டிரில்லுக்கு எப்படி நிறுத்தினாலும் வரிசை சமமா வர மாட்டேங்குது. அப்புறம், 6-ஆம் வாய்ப்பாட்டுக்கு முன்னாடி பின்னாடி வர்ற எண்ணெல்லாம் பகா எண்ணுன்னு வாட்ஸ்அப்ல வந்தது, நிஜமா? (உடற்கல்வி ஆசிரியர், கரூர்)

வராதுங்க சார், 53 பகா எண். 7×7 = 49, 8×8 = 64, அதனால 7 வரைக்கும் பாத்தா போதும், 2, 3, 5, 7 எதுவும் ஒத்து வரல. ஒரு பையன் கையில கொடியைக் குடுத்து முன்னாடி நிறுத்திடுங்க, மிச்சம் 52, நாலு வரிசையில 13 பேர். பக்கத்துப் பிரிவுலேர்ந்து ஒருத்தரைக் கூப்பிட்டுக்கிட்டா 54, ஆறு வரிசையில ஒன்பது, இன்னும் அழகா இருக்கும்.

வாட்ஸ்அப்ல வந்தது பாதி நிஜம். 3-க்கு மேல இருக்கற எந்த பகா எண்ணும் 6-ஓட மடங்குக்கு ஒண்ணு முன்னாடியோ ஒண்ணு பின்னாடியோதான் இருக்கும், உங்க 53 கூட 54-க்கு ஒண்ணு முன்னாடிதான். காரணம், 6-ஓட மடங்குலேர்ந்து 2, 4 தள்ளி இருக்கறது இரட்டைப்படை, 3 தள்ளி இருக்கறது 3-ஆல வகுபடும், வேற இடமே இல்ல. ஆனா தலைகீழா எடுத்துக்கக் கூடாது, 25, 35, 49, 55 எல்லாமே அந்த இடத்துலதான் நிக்குது, ஒண்ணு கூட பகா எண் இல்ல.

அமெரிக்காவுல 17 வருஷத்துக்கு ஒரு தடவை மண்ணுலேர்ந்து சிள்வண்டு கூட்டம் கூட்டமா வெளிய வரும், 2021-ல எங்க வீட்டு மரமெல்லாம் அதான். 17 பகா எண்ங்கறதுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்குன்னு பொண்ணு சொல்றா, உண்மையா? (வாசகர், மேரிலாந்து)

பொண்ணு சொல்றதுக்கு அடிப்படை இருக்கு. அங்க 13 வருஷக் கூட்டமும் உண்டு, 17 வருஷக் கூட்டமும் உண்டு, ரெண்டுமே பகா எண். அறிஞர்கள் சொல்ற ஒரு விளக்கம் இப்படிப் போகுது. வண்டு 12 வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா, 2, 3, 4, 6 வருஷத்துக்கு ஒரு தடவை பெருகற எதிரிகள் எல்லாம் ஒவ்வொரு முறையும் அதே வருஷம் வந்து நிக்கும், ஏன்னா அதெல்லாம் 12-ஓட காரணி. 17 வருஷம்னா 3 வருஷ எதிரி அதை சந்திக்க 51 வருஷம் ஆகும், 4 வருஷ எதிரிக்கு 68. நம்ம மீ.சி.ம. கணக்கேதான். இது ஒரு கருதுகோள்தான், குளிர் காலநிலையை வச்சு சொல்ற வேற விளக்கமும் இருக்கு, முடிவான தீர்ப்பு வரல. ஆனா கணக்கு பொய் சொல்லாத இடம் ஒண்ணு உண்டு, 2024-ல ஒரு 13 வருஷக் கூட்டமும் ஒரு 17 வருஷக் கூட்டமும் ஒரே வருஷத்துல வெளிய வந்துச்சே, அதே ரெண்டும் அதுக்கு முன்னாடி சேந்து வந்தது 1803-ல. நடுவுல 13×17 = 221 வருஷம்.

பகா எண்ணுக்கு முடிவு உண்டா? (வாசகர், சென்னை)

கிடையாது. 2,300 வருஷத்துக்கு முன்னாடியே யூக்ளிட் காட்டிட்டார். உங்களுக்குத் தெரிஞ்ச பகா எண்ணையெல்லாம் பெருக்கி 1 கூட்டுங்க, வர்றதை உங்க பட்டியல்ல இருக்கற எதால வகுத்தாலும் 1 மீதி வரும், அப்ப அதோட பகாக் காரணி பட்டியல்ல இல்லாத புது ஆளாத்தான் இருக்கணும். கூட்டி வர்ற எண்ணே பகா எண்ணுன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க, அது சரியில்ல. 2×3×5×7×11×13 = 30030, 1 கூட்டினா 30031, அது 59×509, பகு எண். ஆனா 59-ம் 509-ம் புதுசு, அதுதான் வேண்டியது. 2024 அக்டோபர்ல லூக் டியூரண்ட் கண்டுபிடிச்ச பகா எண், 2-ஐ 13,62,79,841 தடவை பெருக்கி 1 கழிச்சது, 4,10,24,320 இலக்கம். அதுக்கு மேலயும் முடிவில்லாம இருக்கு.

காரணி எப்பவும் ஜோடி ஜோடியா வரும்னு சொல்றீங்க, ஆனா 36-க்கு எண்ணினா ஒன்பது வருது. சில எண்ணுக்கு மட்டும் ஏன் ஒற்றைப்படையில வருது மிஸ்? (ஏழாம் வகுப்பு மாணவி, சிவகாசி)

நீயே எண்ணிப் பாத்து கேட்டியே பாப்பா, அதுக்கே ஒரு சபாஷ். 1×36, 2×18, 3×12, 4×9 நாலு ஜோடி, எட்டு காரணி. கடைசி ஜோடி 6×6, ரெண்டு பேரும் ஒரே ஆள், அதனால ஒண்ணாத்தான் எண்ணணும். ஒரு எண் தன்னையே தான் பெருக்கி வந்திருந்தா மட்டும்தான் இப்படி நடக்கும், அதாவது 1, 4, 9, 16, 25-ன்னு வர்க்க எண்களுக்கு மட்டும்தான் காரணி எண்ணிக்கை ஒற்றைப்படை. அதுலயும் சரியா மூணு காரணி வேணும்னா பகா எண்ணோட வர்க்கமா இருக்கணும், 100-க்குள்ள 4, 9, 25, 49 நாலு மட்டும்தான், அடுத்தது 121. சரியா அஞ்சு காரணி இருக்கறது 100-க்குள்ள ரெண்டே எண், 16-ம் 81-ம். அது ஏன் அந்த ரெண்டு மட்டும்னு காரணியை எழுதிப் பாத்துட்டு எனக்கு ஒரு கடிதம் போடு, அடுத்த இதழ்ல உன் பதிலையே போடறேன்.